வராந்தாவுக்கு அடியில் இரண்டு கால்கள்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மாட்டிக்கொண்டதற்கு என் இடுப்புதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. விறகுதான் காரணம். அந்த விறகை அரைகுறையாக அடுக்கி வைத்தவள் நான்தான், அதை வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். இடுப்பை மட்டும் இதில் இழுக்காதீர்கள்.

என் பெயர் வெர்னா ஸ்ட்ரவுட். ஓஹையோவில் டெல்பர் கிரீக் என்ற சின்ன ஊரில் முப்பத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேய்க்கதை படிக்க உட்கார்ந்துவிடுவேன். கல்லறை, சபிக்கப்பட்ட வீடு, சுவருக்குள்ளிருந்து வரும் முனகல், எதுவானாலும் சரி. காதல் கதையைக் கையில் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் குறட்டை விடுவேன். பேய்க்கதையில் எனக்குப் பிடித்ததே, எவ்வளவு நடுங்கினாலும் அட்டையை மூடினால் பயம் அதோடு சரி என்பதுதான். வேறு எந்தப் பயத்துக்கும் அட்டை கிடையாது.

இந்தக் கிறுக்கால்தான் ஹாலோவீன் வந்தால் ஊரில் பாதி அம்மாக்கள் எனக்குப் போன் போடுவார்கள். மாதம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு அக்டோபர் முப்பத்தொன்று சாயங்காலம் நாலு மணிக்குத்தான் பிள்ளைக்கு வேஷம் இல்லை என்பது நினைவுக்கு வரும். "மிஸ் வெர்னா, அஞ்சு நிமிஷத்துல ஏதாவது பண்ண முடியுமா?" முடியும். பழைய படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை போட்டால் பேய். கழிவறைக் காகிதத்தைச் சுற்றிவிட்டால் மம்மி, ஆனால் பனி இறங்குவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அப்பாவின் கட்டம்போட்ட சட்டையும் கன்னத்தில் கண்மையால் நாலு தையலும் போதும், சோளக்கொல்லை பொம்மை தயார். என் கையில் வேஷம் போட்டுக்கொள்ளாத பிள்ளை இந்த ஊரில் குறைவு.

எங்கள் ஊரில் மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போவதற்கு நேரம் உண்டு. ஐந்து மணிக்குத் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதும், பிள்ளைகள் கிளம்பும். ஏழு மணிக்கு மறுபடியும் ஊதும், எல்லா வீட்டு வாசல் விளக்கும் அணையும். நடுவில் இரண்டு மணி நேரம் என் வீட்டு வாசல்தான் ஊரிலேயே பெரிய சுடுகாடு.

எனக்கு ஒரே பெண். பெயர் மேரன், வயது முப்பத்தாறு. இரண்டு வருஷமாக அவள் என்னோடு பேசவில்லை.

காரணம் ஒரு கதை. விருந்து மேஜையில் நான் சொல்லும் கதைகளிலேயே அதுதான் எடுபடும். மேரனுக்கு ஒன்பது வயதில், ஒரு ஹாலோவீன் அன்று, அவளை எங்கள் வீட்டு நிலவறைக்குள் இறக்கி, "பிள்ளைங்க வரும்போது உள்ள இருந்து ஊளையிடு" என்று சொல்லிவிட்டு, பயல்கள் திறந்துவிடக் கூடாதே என்று வெளியே தாழ் போட்டேன். உள்ளே பல்பு போய்விட்டது. இவள் இருட்டில் பயந்துபோய் நிஜமாகவே கத்த ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ ஸ்பீக்கர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் தலையெல்லாம் ஒட்டடையோடு ஒரு குட்டிப் பிசாசு வெளியே வந்தது. இதுதான் கதை. இதை நடித்துக் காட்டுவேன், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இரண்டு வருஷம் முன்பு நன்றி கூறும் நாள் விருந்தில், அவள் கணவன் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னால் இதைச் சொன்னேன். சம்பந்தியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேரன் எழுந்து கோட்டை மாட்டினாள். "பத்து நிமிஷமா அம்மா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாடி, பத்து நிமிஷம். ஒரு விளையாட்டு. இன்னுமா அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே?" என்றேன். வான்கோழியை வெட்டுவதற்கு முன்பே அவள் கார் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தநாளுக்கு ஒரு வரிச் செய்தி வரும், அவ்வளவுதான். இந்த ஆகஸ்டில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள் என்பதையே மளிகைக்கடை வரிசையில் நிற்கும்போது யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருபது நிமிஷ தூரத்தில் பெற்ற பெண் இருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு நாலரை மணிக்குப் போன் செய்தாள்.

"அம்மா, நான்தான்."

"யாரு?" என்றேன். குரல் தெரியாமல் இல்லை. என் நாக்கு அப்படி.

"மேரன். உன் பொண்ணு. உனக்கு வேற யாராவது இருக்காங்களா என்ன?"

"சொல்லு."

"ஆறு மணிக்கு ஸ்கூல்ல கார் டிக்கியத் திறந்து வெச்சுக்கிட்டு பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுக்கணும். டீச்சருங்க எல்லாரும் வேஷம் போடணுமாம். சுத்தமா மறந்துட்டேன். கடைக்குப் போனா ரெண்டு வயசுப் பையன் அளவுல ஒரே ஒரு பூசணிக்காய் உடுப்பு தொங்குது."

"அதுல உன் ஒரு கை நுழையும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஆனால் வைத்தும்விடவில்லை.

"ஏதாவது சுலபமா பண்ணித் தர முடியுமா? அஞ்சேகாலுக்கு வரேன். வாசல்ல வாங்கிட்டுப் போயிடுவேன், உள்ள வரமாட்டேன். இன்னொண்ணு, பயமுறுத்தற மாதிரி எதுவும் வேணாம்மா. எல்லாம் அஞ்சு வயசுப் பிள்ளைங்க."

"பயமே இருக்காது. சத்தியமா."

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. இதைச் சரியாகச் செய்துவிட்டால் வாசல் வரை வருபவள் ஒரு காப்பிக்கு உள்ளே வரலாம். சொதப்பினால் இனி இந்தத் தெருப்பக்கமே வரமாட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

உடனே யோசனையும் வந்தது. ஜெல்லி மீன். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குடையின் விளிம்பு முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நாடா தொங்கவிட்டு, உள்ளே ஒரு சின்ன விளக்குச் சரத்தைச் சுற்றி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். அழகாக இருக்கும். எந்தப் பிள்ளையும் அழாது. நாடா தையல் பெட்டியில் இருந்தது. குடைதான் வராந்தாவுக்கு அடியில், விறகுக்குப் பின்னால் எங்கேயோ கிடந்தது.

எங்கள் வராந்தா தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கும் மரத்தளம். பக்கவாட்டில் ஒரு பின்னல் தட்டி, அதைக் கழற்றினால் உள்ளே தவழ்ந்து போகலாம். நான் ஏற்கெனவே சூனியக்காரி வேஷத்தில் இருந்தேன்: கறுப்புப் பாவாடை, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட காலுறை, மூக்கு நீண்ட சப்பாத்து. மிட்டாய்க் கிண்ணத்தை வராந்தா நாற்காலியில் வைத்தாயிற்று. ஸ்பீக்கரையும் போட்டாயிற்று. அதில் ஒரு பெண் அலறுவாள், சங்கிலி இழுபடும், ஓநாய் ஊளையிடும், மறுபடியும் பெண் அலறுவாள். போனைச் சமையலறையில் விட்டுவிட்டுக் குப்புறப் படுத்து உள்ளே தவழ்ந்தேன்.

தனியாக நிலவறைக்குள் இறங்கும் பெண்ணைப் படிக்கும்போதெல்லாம் "ஏண்டி, போகாதேடி கூறுகெட்டவளே" என்று பஸ்ஸில் உட்கார்ந்து திட்டியிருக்கிறேன். நான் என்ன பெரிய அறிவாளி?

குடையின் கைப்பிடி விறகுக் குவியலுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். குடை வந்தது, விறகும் வந்தது. ஒரு வண்டி ஓக் மரத்துண்டு முதுகு, இடுப்பு, தொடை என்று தடதடவென்று சரிந்தது. மூச்சு நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது வாயில் மண். இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி, ஒன்றில் குடை. தலையைத் தூக்கினால் பலகை இடித்தது. பின்னால் நகர்ந்தால் ஒரு கட்டை விலா எலும்பில் குத்தியது. முழங்காலுக்குக் கீழே மட்டும் ஏதோ காற்று படுவது தெரிந்தது. கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

எலும்பு எதுவும் முறியவில்லை என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் நகர முடியவில்லை. துளிகூட.

அப்போது ஐந்து மணிச் சங்கு ஊதியது.

சரி, பிள்ளைகள் வருவார்கள், ஒருத்தனை ஓடிப்போய் ஆள் கூப்பிடச் சொன்னால் ஆயிற்று என்றுதான் நினைத்தேன். முதல் கும்பல் வந்தது.

"டேய், இங்க பாருடா! காலு!"

"காப்பாத்துங்க! விறகு மேல விழுந்துடுச்சு!" என்று கத்தினேன்.

ஹோவென்று ஒரே கூச்சல். "ஐயோ, ஆடுதுடா! மோட்டார் வெச்சிருக்காங்க!"

"மோட்டார் இல்லடா மடையா! நான்தான், வெர்னா!"

"பாத்தியா, மிஸ் வெர்னா உள்ள ஒளிஞ்சிருக்காங்க. நான்தான் சொன்னேனே!"

ஒருவன் என் சப்பாத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றினான். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். என் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்காருபவன். "ஆஸ்டின் டேட், சப்பாத்தைக் கீழ போடு! திங்கக்கிழமை பஸ்ல உன் தோலை உரிக்கறேன்!"

"பேரு கூட சொல்லுதுடா!" என்று குதித்தான் அவன். அப்படியொரு ஆனந்தம். மிட்டாயை அள்ளிக்கொண்டு, சப்பாத்தோடு, அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

இரண்டாவது கும்பல் கைதட்டியது. மூன்றாவது கும்பலில் ஒரு அம்மா இருந்தாள். பெரியவள், புரிந்துகொள்வாள் என்று, "அம்மா தாயே, இது விளையாட்டில்ல, நிஜமா மாட்டிக்கிட்டேன், ஃபயர் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுங்க" என்று கெஞ்சினேன். சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஸ்பீக்கரில் அந்தப் பெண் அலறினாள். "வருஷத்துக்கு வருஷம் ரொம்ப நல்லா பண்றாங்க, என்னா தத்ரூபம்!" என்று தன் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள். என் வாழ்நாளில் ஒரு பாராட்டைக் கேட்டு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

அடுத்து வந்தவர் பக்கத்து வீட்டு கஸ் ப்ரூயிட். அவர் நடையின் தேய்ந்த செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.

"கஸ்! உன் அம்மா மேல ஆணையா சொல்றேன், மாட்டிக்கிட்டேன். இந்த விறகை எடு!"

"போன வருஷம் சவப்பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு நெஞ்சு வலிக்குது, ஆம்புலன்ஸ் கூப்பிடுன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?" என்றார் கஸ். "நானும் கேனையன் மாதிரி கூப்பிட்டேன். அந்தப் போலீஸ்காரன்கிட்ட தெருவே வேடிக்கை பாக்கத் திட்டு வாங்கினது யாரு? நீயா?"

"இது அது இல்ல, கஸ்!"

"போடி இவளே. ஆனா கால் அருமையா இருக்கு." படம் எடுக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

அதற்குப் பிறகுதான் நிஜமான பயம் வந்தது. உயிரோடு புதைக்கப்பட்டவர்களைப் பற்றி ஐம்பது கதையாவது படித்திருப்பேன். அதில் அவர்கள் கடவுள், காதல், பாவம் என்று பெரிது பெரிதாக யோசிப்பார்கள். நான் யோசித்ததெல்லாம் மூத்திரம் முட்டுகிறது என்பதையும், கழுத்தில் ஏதோ எட்டுக்காலில் ஊர்கிறது என்பதையும்தான். கால் மரத்துப்போனது. கண் முன்னால் அரையடி தூரத்தில் மண், அதைத் தாண்டி இருட்டு. நேரம் நகரவே இல்லை. கத்தினால் ஆட்கள் சிரிக்கிறார்கள், கத்தாவிட்டால் கடந்து போகிறார்கள். மேரன் வந்து போய்விட்டாளோ, மணி அடித்துப் பார்த்துவிட்டுக் "கடைசியில இவளை நம்பினேனே" என்று திரும்பிவிட்டாளோ என்று வேறு தோன்றியது. ஏழு மணிச் சங்கு இதோ ஊதிவிடும், விளக்கெல்லாம் அணைந்துவிடும், விடியும்வரை இந்தப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அழ ஆரம்பித்தேன். ஒரு கும்பல் நின்று நான் அழுவதைக் கேட்டுவிட்டு, "இது முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனது.

பிறகு ஒரு கார் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம். வராந்தாப் படியில் காலடி. தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. மணி அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

"மேரன்! கீழ இருக்கேன்! மேரன்!"

காலடி நின்றது. படியிறங்கி பக்கவாட்டில் வந்தது. என் கால்களைப் பார்த்திருப்பாள்.

"மேரன், விறகு சரிஞ்சு மேல விழுந்துடுச்சு. காப்பாத்துடி!"

மேலே ஸ்பீக்கரில் பெண் அலறினாள். மேரன் திரும்பிப் படியேறி, ஒயரைப் பிடுங்கினாள். சட்டென்று ஒரு நிசப்தம்.

"பயமுறுத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணே," என்றாள் மேலேயிருந்து. கோபம்கூட இல்லை அந்தக் குரலில், அதுதான் தாங்க முடியவில்லை. "ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு உதவி கேட்டேன். ஒரே ஒண்ணு. அதுலயும் நீ இதைத்தான் பண்ணுவே, இல்ல?"

"இது நடிப்பில்லடி! குடை எடுக்க வந்தேன். உனக்காகத்தான் வந்தேன். ஜெல்லி மீன் பண்ணலாம்னு—"

"போதும்மா."

"ஐயோ, நிஜம்டி! எதைச் சொன்னா நம்புவே?"

அவள் படியிறங்கினாள். சரளைக்கல்லில் காலடி காரை நோக்கிப் போனது. ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்டது. நான் போடாத கூச்சல் இல்லை, அலறியாயிற்று, கெஞ்சியாயிற்று, ஆணையிட்டாயிற்று. இவை அத்தனையும் என் வேஷத்தில் முன்பே செய்து காட்டியவைதான். அவளிடம் நான் ஒருநாளும் சொல்லாதது ஒன்றே ஒன்று.

"பத்து நிமிஷம் இல்ல, மேரன்," என்றேன். கத்தவில்லை. கத்த மூச்சும் இல்லை. "நிலவறையில. பத்து நிமிஷம் இல்ல."

சரளைக்கல் சத்தம் நின்றது.

எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பிறகு வேகமாகத் திரும்பி வந்தாள். கைபேசி வெளிச்சம் உள்ளே அடித்தது. "ஐயோ, அம்மா!" என்றாள். ஒரு கட்டையைப் பிடித்து இழுத்தாள், மேலே இருந்தவை உருண்டு என் விலாவில் இறங்க, நான் வீல் என்று அலறினேன். "தொடல, தொடல, நான் எதையும் தொடல," என்று பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். பேசி முடித்துவிட்டு என் கால் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"வண்டி ஹாலோவீன் ஊர்வலத்துல மாட்டிக்கிட்டிருக்காம். இருபது நிமிஷம் ஆகும்ங்கறாங்க."

"இருபது நிமிஷமா? ரெண்டு மணி நேரமா கிடக்கேன்டி நான்! ஏழு மணிச் சங்கே ஊதப் போகுது!"

அவள் கைபேசியைப் பார்த்தாள். "அம்மா, மணி அஞ்சு இருபத்தஞ்சு."

"விளையாடாத."

"நிஜமா. சங்கு ஊதி இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆச்சு."

நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் நான் செத்து, அழுகி, ஊர் என்னை மறந்தும்போயிருந்தது.

"நான் உள்ள இறங்கினப்ப அஞ்சு மணிச் சங்கு ஊதுச்சு," என்றாள் மேரன். "ஏழு மணிச் சங்கையும் உள்ள இருந்துதான் கேட்டேன். அதுக்கு அப்புறம்தான் நீ வந்து திறந்தே. அப்ப எனக்கு ஒம்போது வயசு."

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே?"

"ரெண்டு மணி நேரம்னு சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே உறைத்தது. வேறு நேரமாக இருந்தால் எழுந்து போய்க் காப்பி போட ஆரம்பித்திருப்பேன். அவள் இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்வேன். காப்பி, பாத்திரம், பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஏதாவது ஒன்று. இப்போது விரலை அசைக்கவும் இடமில்லை.

"ஒண்ணு கேட்டா நிஜத்தைச் சொல்லுவியா?" என்றாள்.

"எங்கயும் ஓட முடியாதே."

"நான் கத்தினேன். முதல்ல நீ சொன்ன மாதிரி ஊளையிட்டேன். பல்பு போனதும் கத்தினேன். அம்மா அம்மான்னு கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. வெளிய பிள்ளைங்க கத்தறதும் சிரிக்கறதும் எனக்குக் கேட்டுச்சு. உன் குரலும் கேட்டுச்சு. ஸ்பீக்கர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு அப்ப சொன்னே. எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றே. நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சா?"

கதையில் இதற்குப் பதில் தயாராக இருந்தது. இருபத்தேழு வருஷமாக நானே நம்பும் அளவுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். அதைச் சொன்னால் அவள் நம்புவாள். இப்போதுதான் என்னை நம்ப ஆரம்பித்திருக்கிறாள், இன்னொன்றையும் நம்பிவிடுவாள். பழையபடி பேச ஆரம்பிப்போம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவாள். உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவாள், அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

அந்தச் சாயங்காலம் எனக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது. தரைக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தபோது வாசலில் நின்ற பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். பெரியவர்கள்கூட ஓரடி பின்னால் வைத்தார்கள். "வெர்னா, இது எப்படி பண்ணே? அப்படியே உயிர் போற மாதிரி இருக்கே!" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக் கேட்டாள். தெருவே என் வாசலில் கூடிவிட்டது. அவள் "அம்மா" என்று கத்தினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் ஒரு கும்பல் வரட்டும், அப்புறம் திறக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் இன்னும் ஒரு கும்பல்.

"கேட்டுச்சு," என்றேன்.

"நல்லாக் கேட்டுச்சு, மேரன். எல்லாரும் பாராட்டினாங்க. அதுக்காகத்தான் திறக்கல."

அவள் எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது. என் கால் பக்கத்திலிருந்து அந்தச் சூடு விலகியது. சரளைக்கல்லில் நாலு அடி, ஐந்து அடி. "மேரன்," என்று கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கூப்பிட எனக்கு என்ன உரிமை? மன்னித்துவிடு என்று சொல்லலாம். அதைக்கூட விறகை எடுப்பதற்காகச் சொல்கிறேன் என்றுதானே நினைப்பாள். கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டு, கார் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

கார் கிளம்பவில்லை. காலடியும் கேட்கவில்லை. எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை, தலையைத் திருப்பிப் பார்க்கவும் வழியில்லை. ரொம்ப நேரம் என்று சொல்ல மாட்டேன், இனி அந்தக் கணக்கில் என்னை நானே நம்ப மாட்டேன்.

தெருவிலிருந்து பிள்ளைகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. "இங்கதான்டா, இங்கதான்! காலு கிடக்குது பாரு! ஆடும், பேசும், உன் பேரைக்கூட சொல்லும்! பிடிச்சு இழுத்துப் பாரு!"

ஒரு சின்னக் கை என் கால் கட்டைவிரலைப் பிடித்தது.

"தொடாதீங்க," என்றாள் மேரன். மிகப் பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல். "அது பொம்மை இல்ல. எங்க அம்மா."

ஒரு பெண் குழந்தை மெதுவாகக் கேட்டது. "அவங்க நிஜமாவே மாட்டிக்கிட்டாங்களா?"

"ஆமா."

"உள்ள இருட்டா இருக்குமே. அவங்களுக்குப் பயமா இருக்காதா?"

"இருக்கும்," என்றாள் என் மகள். "ஆள் வந்துக்கிட்டிருக்காங்க. அதுவரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்."

அதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளையிடம்தான் சொன்னாள். எனக்கு அது போதும். வண்டிச் சத்தம் கேட்கும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் உட்கார்ந்திருந்தாள்.